ப்ளோயரை அழுத்தும் முன்

நம் போட்டோக் குழுவில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "அக்கா, கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் அறுபது எம்.எம். வாங்கலாமா, நூறு வாங்கலாமா?" சாப்பிட்டீர்களா என்றுகூட யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பக்கம் காபி குடிக்க உட்கார்ந்தால், காபி ஆறிப்போகும் வரை இதே பேச்சு.

நூறு வாங்குங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அறுபதை வைத்துக்கொண்டு ஒரு மூக்குத்தியை அதன் முழு அளவுக்கு எடுக்கப் போனால், லென்ஸ் மூக்குத்தியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு வெளிச்சம் எங்கிருந்து வரும்? நூறு என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கலாம், விளக்கு நுழைய இடம் இருக்கும். பூச்சி எடுக்கிற ஆசை உள்ளவர்களுக்கும் அதுதான் சரி, வண்டு உங்களைப் பார்த்துப் பயந்து பறக்காது. இப்போதைக்குப் புது லென்ஸ் முடியாது என்கிறவர்கள், இருக்கிற லென்ஸுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் ட்யூப் என்கிற வெற்றுக் குழாயை மாட்டிக்கொள்ளுங்கள். பாதி வாழ்க்கையை நான் அதை வைத்துத்தான் ஓட்டினேன். ஆடாத ஸ்டாண்டு, சாமானை உள்ளே வைத்து எடுக்க வெள்ளைத் துணிக் கூடாரம், இரண்டு பக்கமும் விளக்கு. அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஏன் இவ்வளவு சண்டை என்று எனக்குப் புரிவதே இல்லை.

ஆனால் லென்ஸைப் பற்றித் துளைத்துத் துளைத்துக் கேட்கிற நீங்கள், பையில் கிடக்கிற இன்னொரு சாமானைப் பற்றிக் கேட்டதே இல்லை. தூசி ஊதுகிற ரப்பர் குண்டு, ப்ளோயர் என்கிறோமே, அது. அதை யாரும் விசாரித்து வாங்குவதில்லை. கேமராக் கடையில் கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம். என் தொழிலில் நான் பட்ட பெரிய வருத்தம் அந்தக் குண்டினால் வந்தது. போன வருஷம் என் போட்டோக் கடையை மூடி, சாமான்களை உங்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டேன். வருத்தத்தை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. அதனால் சொல்லியாவது வைக்கிறேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த என் ஒற்றை அறையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கீழே மல்லிகையும் மீனும் மாறி மாறி மணக்கும். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுத்துச் சலித்துப்போய், கடைசி வருடங்களில் நகை, நாணயம், பழைய பதக்கம் என்று சின்னச் சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். நகைக்கடை விளம்பரங்கள்தான் எனக்குச் சோறு போட்டன.

ஒரு தடவை ஒரு நகைக்கடைக்காரர் என் படத்தை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "இன்னாம்மா இது, என் கல்லு உடைஞ்சா இருக்குது?" என்றார். பார்த்தால், வைர மூக்குத்தியின் நடுவில் ஒரு கோடு. கல்லைக் கொண்டுவரச் சொல்லி பூதக்கண்ணாடியில் பார்த்தோம். கல்லில் குறையே இல்லை. நான் எடுத்த அன்றைக்கு எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த தூசி, படத்தில் விரிசலாகத் தெரிந்திருக்கிறது. "உங்க தூசிக்கு ஊரெல்லாம் நான் பதில் சொல்லினு இருக்கணுமா?" என்று அவர் போட்ட சத்தம் மார்க்கெட் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

அன்றிலிருந்து என் கை மாறிவிட்டது. எந்தச் சாமான் வந்தாலும் முதலில் வெளிச்சம் பார்க்க ஒரு படம் தட்டுவேன். அப்புறம் ப்ளோயரால் ஊதுவேன், மெல்லிய பிரஷ்ஷால் தட்டுவேன், சோப்புத் தண்ணீரில் அலசித் துடைப்பேன். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, மிச்சமிருக்கிற கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் ஒற்றி ஒற்றி அழிப்பேன். யாரும் கேட்க வேண்டியதில்லை, கை தானாகப் போகும். "அக்கா எடுத்தா பழசும் புதுசாயிடும்" என்று கடைக்காரர்கள் சொல்லும்போது எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். அந்தப் பேச்சை இப்போது நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் மர்செலின் வந்தாள். உப்பளம் பகுதியில் குடியிருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊரில் சொல்தா வீடு என்பார்களே, அப்படிப்பட்ட வீடு. அப்பா போய் ரொம்ப காலம் ஆகிறது. அண்ணன் அந்துவான் படிக்கப் போனவர் பிரான்ஸிலேயே தங்கி, பிள்ளை குட்டி என்று ஆகிவிட்டார். மர்செலின் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

அம்மாவின் நகைகளை ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தாள். "எல்லாத்தையும் நல்லா பெருசா தெரியற மாதிரி எடுத்துக் குடுங்கக்கா. அண்ணன் பசங்க ஆயாவோட நகையெல்லாம் பார்க்கணும்னு கேக்குறாங்களாம்" என்றாள்.

வளையல், தோடு, மோதிரம் எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள். கடைசியாக ஒரு கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஒரு சங்கிலி, அதில் முட்டை வடிவத்தில் ஒரு மாதா மெடல். அப்பா பட்டாளத்தில் இருந்தபோது வாங்கிக் கொடுத்ததாம். அம்மா குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லையாம்.

"இது மட்டும் அண்ணனுக்கு. மத்ததெல்லாம் நீயே வச்சிக்க, எனக்கு அம்மா மெடல் போதும்னு சொல்லிட்டாரு. எனக்கும் இதுமேலதான் ஆசை. ஆனா தூரத்துல இருக்கறவரு, அவருக்குத்தானே வேணும்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சங்கிலியை ஒருமுறை கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். பிறகு என் மேசையில் வைத்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, இந்தப் பெண் நகையைப் பத்திரமாக ஒப்படைக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அவள் போனதும் வழக்கமான வேலை. மெடலையும் சங்கிலியையும் கருப்பு வெல்வெட்டில் வளைத்து வைத்து, வெளிச்சத்துக்கு ஒரு படம். கொக்கியில் ஏதோ வெள்ளையாகப் பிசிறு சுற்றிக்கொண்டிருந்தது, கைக்குட்டை நூலாக இருக்கும். ப்ளோயரை எடுத்து ஊதினேன், போகவில்லை. இடுக்கியால் இழுத்துவிட்டு மறுபடி ஊதினேன், போய்விட்டது. சங்கிலிக் கண்ணிகளுக்கு நடுவே பவுடரும் எண்ணெயுமாகக் கருப்பு அடைந்திருந்தது. சோப்புத் தண்ணீர், பிரஷ். மெடல் அப்படியே பளபளத்தது. படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் பார்த்தபோது மாதாவின் காலடிப் பக்கம், விளிம்பில், ஒரு சின்ன நசுங்கல். அதையும் ஒற்றி எடுத்தேன். மாதா மெடல் படம் அந்தத் தொகுப்பிலேயே அழகாக வந்தது. நானே ரசித்துப் பார்த்தேன்.

நகைகளை வாங்கிப்போக மர்செலின் வந்தபோது அவசரத்தில் இருந்தாள், ஸ்கூல் நேரம். பையைத் திறந்து பார்க்கவில்லை. படங்களை நேராக அண்ணனுக்கே அனுப்பிவிடச் சொன்னாள், அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அந்துவானே என்னைக் கூப்பிட்டார். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுநடுவே பிரெஞ்சு வந்து விழும். குரலில் மரியாதை இருந்தது, ஆனால் கரகரத்தது.

"போன்ழூர் மதாம். அந்த மெடல் போட்டோ நீங்க எடுத்ததுதானே? அதுல பல்லு தழும்பு எங்க?"

"எந்தத் தழும்பு சார்?" என்றேன்.

"நான் பல்லு முளைக்கிற வயசுல அம்மா மடியில உக்காந்து அந்த மெடலைக் கடிச்சி வச்சிட்டேன். கீழ ஓரத்துல பள்ளமா இருக்கும். அம்மா யார் வந்தாலும் அதைக் காட்டி, எம்புள்ள கடிச்சதுன்னு சொல்லிச் சிரிப்பாங்க. நீங்க அனுப்பினதுல அது இல்ல. புத்தம் புதுசா இருக்குது. தங்கச்சி செலினை நேத்தே கேட்டுட்டேன், இது அதே மெடல்தான்னு சாதிக்கிறா. நீங்க சொல்லுங்க, அவ உங்ககிட்ட குடுத்தது எது?"

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று கேளுங்கள். அந்த நிமிடம் எனக்குப் பளிச்சென்று எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த நசுங்கலை நான்தான் அழித்தேன் என்று அங்கேயே, போனிலேயே, அவர் மூச்சு விடுவதற்குள் சொல்லியிருக்க வேண்டும். வாயால் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நம் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது, எதற்கும் படத்தைக் காட்டித்தான் பேசுவோம். "ஒரு நிமிஷம் இருங்க சார், ஒரிஜினல் அனுப்புறேன், நீங்களே பாருங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பேச்சைவிடப் படம் வலுவானது என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க அப்படி நினைத்தே பிழைத்தவள்தானே நான்.

கை வைக்காத படத்தைத் தேடி எடுத்து அனுப்பினேன். அதில் நசுங்கல் தெரிந்தது. ரொம்ப லேசாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் கூடாரத்து வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து பள்ளத்தை நிரப்பிவிடும். தழும்பைக் காட்ட வேண்டும் என்றால் பக்கவாட்டில் ஒற்றை விளக்கு வைத்து எடுத்திருக்க வேண்டும். நகைக்கடைக்கு எடுத்துப் பழகிய எனக்கு அந்த யோசனையே வந்ததில்லை.

பதில் உடனே வந்தது, போனாகவே.

"மதாம், நான் பல்லு தழும்புன்னு சொன்னப்புறம்தான் தழும்பு வருதா? முதல்ல அனுப்பினதுல இல்லாதது, கேட்ட அரை மணிநேரத்துல எப்படி வந்துச்சி? கம்ப்யூட்டர்ல இன்னா வேணா பண்ணலாம்னு எனக்குத் தெரியாதா?"

"சார், முதல்ல அனுப்பினதுதான் கம்ப்யூட்டர்ல பண்ணது. இதுதான் நிஜம்."

"செலின் உங்களை இப்படிச் சொல்லச் சொன்னாளா?"

இல்லை, இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கத்தவில்லை. மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் பொய்யாகச் செய்ததை அவர் நம்பினார், உண்மையை அனுப்பியதும் பொய் என்கிறார். நான் யாரிடம் போய் முறையிடுவது?

கடையைப் பூட்டிவிட்டு நேராக உப்பளம் போனேன். மர்செலின் ஸ்கூலிலிருந்து வந்து, புடவைகூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் அம்மா படம். அதன் கீழே மேசையில் அந்தக் கைக்குட்டை மடித்தபடி இருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் அழித்த விஷயத்தையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், அவள் என்னைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை.

"மாத்தி வச்சிட்டியான்னு கேட்டாருக்கா" என்றாள். "அம்மா மெடலை நான் மாத்தி வச்சிட்டேனாம். வீடியோல காட்டினேன். போனைக் கிட்ட வச்சா மங்குது, தள்ளி வச்சா தெரியல. வேணும்னே ஆட்டறியான்னாரு."

பையில் ஒரு சாமான் வைத்திருந்தேன். போன் கேமராவில் கிளிப் மாதிரி மாட்டுகிற சின்ன க்ளோசப் லென்ஸ். நான் அதை விளையாட்டுச் சாமான் என்று கேலி செய்வேன், உங்களுக்கே தெரியும். ஒரு டார்ச்சும் இருந்தது. மெடலை ஜன்னல் ஓரம் வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கிளிப் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். அடேயப்பா! பல் தடம் பள்ளமாக, நிழலோடு, அப்படித் துல்லியமாகத் தெரிந்தது. என் நூறு எம்.எம். காட்டாததை அந்த விளையாட்டுச் சாமான் காட்டியது.

"இப்பவே வீடியோ கால் போடு மர்செலின். உங்க அண்ணன் கண்ணாலேயே பார்க்கட்டும், நேரா பார்க்கறதை யாரும் மாத்த முடியாது" என்றேன்.

அவள் என் கையிலிருந்து மெடலை வாங்கிக்கொண்டாள்.

"வேணாங்க்கா."

"ஏன்?"

"அம்மா மெடலை மாத்தலன்னு நான் டார்ச் அடிச்சி நிரூபிக்கணுமா? என் குரலைக் கேட்டு நம்பாதவரு, இதைப் பார்த்து நம்பினா எனக்கு இன்னா ஆவப்போவுது?"

நான் விடவில்லை. ஒரே நிமிஷ வேலை, பிடிவாதம் பிடிக்காதே, அண்ணன் தங்கை சமாச்சாரம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கைக்குட்டையில் மெடலை வைத்து முடிச்சுப் போட்டாள். "சித்தப்பா பையன் அடுத்த வாரம் ஃப்ரான்ஸ் போறான். குடுத்து அனுப்புறேன். எப்படியும் அவருக்குன்னு சொன்னதுதானே. கையில வாங்கிட்டு இன்னா நெனைக்கிறாரோ நெனைச்சிக்கட்டும்" என்றாள்.

அங்கே நான் அவளை மீறி அந்துவானுக்குப் போன் போட்டிருக்கலாம். மெடல் அவள் கையில் இருந்தது, போன் என் கையில் இருந்தது. போடாமல் வந்துவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானம் இல்லை. அவளுக்கு அண்ணன் வேண்டுமா, மானம் வேண்டுமா என்று முடிவு செய்ய நான் யார்? ஆனால் இரண்டும் போகும்படி ஆரம்பித்து வைத்தது என் மேசைதானே.

மெடல் போய்ச் சேர்ந்ததும் அந்துவான் கூப்பிட்டார்.

"மதாம், கைக்குட்டையைப் பிரிச்சி கையில எடுத்தேன். கட்டைவிரல் பட்டவுடனே தெரிஞ்சிச்சி. பார்க்கக்கூட இல்ல. விரலுக்கே தெரிஞ்சிச்சி. சின்ன வயசுல பூசைக்குப் போனா, அம்மா பக்கத்துல உக்காந்து அதைத் தடவினுதான் இருப்பேன்." அழுதுகொண்டிருந்தார். "செலினுக்குப் போன் பண்ணேன். மன்னிச்சிக்கன்னு சொன்னேன். சரிண்ணே, பரவால்லண்ணேன்னு சொல்றா. நல்லா இருக்கியான்னா, நல்லா இருக்கேன்ணேன்னு சொல்லிட்டு வச்சிடுறா. திட்டமாட்டேங்கிறா மதாம். நீங்க ஒரு தடவை போய்ப் பேசுங்களேன்."

இன்னொருவர் வீட்டுச் சண்டையில் தூது போகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இதில் நான் போகாமல் யார் போவது? வெறுங்கையோடு போகவும் மனசு வரவில்லை. மெடல்தான் கடல் தாண்டிப் போய்விட்டதே, படமாவது அவளிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். இந்த முறை அழகாக இருப்பதைத் தேடவில்லை. ஊதாத, அலசாத, துடைக்காத, வெளிச்சம் பார்க்க எடுத்த அந்த முதல் படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அந்துவானுக்கு அனுப்பியது அலசிய பிறகு எடுத்த படம். இது அதற்கும் முந்தையது, யாருக்கும் காட்டாதது. மங்கிய மெடல், அழுக்கு அடைந்த கண்ணிகள், கொக்கியில் அந்த நூல் பிசிறு, எல்லாம் வந்தபடியே இருந்தன. அதைப் பெரிதாக பிரிண்ட் போட்டு உப்பளத்துக்கு எடுத்துப் போனேன்.

மர்செலின் டீ போட்டுக் கொடுத்தாள். அண்ணனைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"எனக்கு அவருமேல கோவமே இல்லக்கா" என்றாள். "முன்னெல்லாம் போன் வந்தா, இன்னிக்கு இன்னா கொழம்பு வச்சேன்னுகூட அவருகிட்ட சொல்லினு இருப்பேன். இப்ப பேச ஒண்ணும் வரமாட்டேங்குது. வரலன்னா நான் இன்னா பண்றது?"

படத்தை எடுத்து நீட்டினேன்.

அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பல் தழும்பைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் விரல் கொக்கிக்குப் போனது. நெடுநேரம் அங்கேயே இருந்தது.

"இது கழுவறதுக்கு முன்னாடி எடுத்ததாக்கா?"

"ஆமாம். கைக்குட்டை நூல் ஒண்ணு சிக்கினு இருந்தது, அது மட்டும் கொஞ்சம்..."

"நூலு இல்லக்கா" என்றாள். "அம்மா முடி."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"அந்தக் கொக்கி பழசாயி வாயைப் பொளந்துனு இருக்கும். எப்பப் பார்த்தாலும் அம்மா முடியைப் புடிச்சிக்கும். வலிக்குது, எடுத்து வுடுடின்னுவாங்க. நான்தான் எடுத்து வுடுவேன். கடைசியா ஆஸ்பத்திரில கழட்டிக் குடுத்தப்போ ஒண்ணு சிக்கினு இருந்திச்சி. எடுக்க மனசு வரல, அப்படியே முடிஞ்சி வச்சிட்டேன். அண்ணனுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அதை மட்டும் எடுத்து நான் வச்சிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் பார்த்தா காணோம். வழியில எங்கியோ வுழுந்துடிச்சின்னு நெனைச்சேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அது உங்ககிட்ட இருக்குதாக்கா?"

அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசை இருந்தது. ஒரு வேளை நான் எங்காவது பத்திரமாக எடுத்து வைத்திருப்பேன் என்று நினைத்துவிட்டாள். போட்டோ எடுக்கிறவர்கள் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ.

"ஊதிட்டேன்மா" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. "பரவால்லக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றாள். பிறகு படத்தை என்னிடமே கொடுத்து, மெடல் வேண்டாம், கொக்கி இருக்கிற பக்கத்தை மட்டும் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டாள். தருகிறேன் என்றேன். அதில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடாமல் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். இப்போதும் அவள் வீட்டுக் கூடத்தில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அண்ணனும் தங்கையும் இப்போதும் ஞாயிற்றுக்கிழமையில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று இரண்டு பேருமே என்னிடம் சொன்னார்கள்.

அதனால்தான் சொல்கிறேன். நூறு எம்.எம். வாங்குங்கள், நல்ல ஸ்டாண்டு வாங்குங்கள், ஆளுக்கொரு ப்ளோயரும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைச் சரக்கு வந்தால் தாராளமாக ஊதுங்கள். வீட்டுச் சாமான் வந்தால், கொண்டுவந்தவர் எதிரில் இருக்கும்போதே பெரிதாக்கிக் காட்டி, "இது என்ன, இது இருக்கட்டுமா" என்று கேளுங்கள். பைத்தியக்காரத்தனமான கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கிற லென்ஸ் நம்மிடம்தான் இருக்கிறது, அது என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும். ஏதாவது அழித்திருந்தால், அழித்தேன் என்று முதலில் வாயால் சொல்லுங்கள். படத்தை அப்புறம் அனுப்பலாம்.

அன்றைக்கு உப்பளத்திலிருந்து நேராகக் கடைக்குத் திரும்பினேன். நான் ஊதி வாரங்கள் ஆகியிருந்தன, அறையை நானே தினமும் பெருக்குகிறவள். எல்லாம் தெரியும். இருந்தாலும் அந்த மேசையை, அளவு தப்பிவிடும் என்று வருஷக்கணக்காக யாரையும் தொடவிடாத அந்த மேசையை, இழுத்துச் சுவர் ஓரம் தள்ளினேன். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால்தான் சின்னது எல்லாம் நிழலோடு எழுந்து தெரியும். மேசைக் கால் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை முடி கிடந்தது. இடுக்கியால் எடுத்துக் கிளிப் லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஒரு முனையில் மட்டும் வெள்ளை, மறுமுனையில் நான் மாதம் தவறாமல் போடுகிற மருதாணிச் சிவப்பு. என் முடிதான் அது.